புட்டி உரமும் தேயிலை மலையும்

சாடிச் செடிக்கு ஒரு மூடி திரவ உரம் போதும். கொழுந்து பறிக்கும் மலைக்குப் போதவே போதாது. 2021 மே மாதம் இலங்கையில் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டபோது, ஸ்பிரிங்வெளி முதலிய ஊவாத் தோட்டங்களின் பிழைப்பு இந்தக் கணக்கில்தான் சிக்கியது. காய்ந்த தேயிலையில் ஏறத்தாழ 4 சதவீதம் நைதரசன். ஆயிரம் கிலோ தேயிலை வெளியே போனால் 40 கிலோ நைதரசனும் மலையை விட்டுப் போகிறது. அதே ஆண்டு ஒக்டோபரில் நெல்லுக்கும் சோளத்துக்குமென இந்தியாவிலிருந்து விமானத்தில் நனோ நைதரசன் திரவம் வந்தது. அந்த வகைத் திரவத்தில் அரை லீற்றர் புட்டிக்கு 20 கிராம் நைதரசன்தான். 45 கிலோ யூரியா மூட்டையிலோ 20 கிலோவுக்கு மேல்.

மண்ணில் போட்ட யூரியா மழையில் கரைந்தோடும், இலையில் தெளித்தது வீணாகாது என்பார்கள். சரிவான மலைகளில் யூரியா கரைந்தோடுவது உண்மையே. ஆனாலும் மூட்டையில் பாதி வீணானாலும் 10 கிலோ மிஞ்சும். புட்டியில் ஒரு துளி வீணாகாவிட்டாலும் 20 கிராமைத் தாண்டாது. தேயிலை இலைக்குத் துத்தநாக சல்பேற்று தெளிப்பது பழைய வழக்கம், பலனும் உண்டு. துத்தநாகம் செடிக்குச் சிறிதளவே தேவை என்பதால்தான் அது பலிக்கிறது. நைதரசன் அப்படியல்ல.

நவம்பரில் தடை நீங்கியது. 2021இல் சுமார் 30 கோடி கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி 2022இல் சுமார் 25 கோடியாகச் சரிந்தது. எரிபொருள் தட்டுப்பாட்டுக்கும் இதில் பங்குண்டு. ஆனால் பட்டினி கிடந்த செடி அதற்கு முன்பே தளிர் குறைத்துவிட்டது. தோட்டத் தொழிலாளருக்கு நாளொன்றுக்கு 1000 ரூபாய்ச் சம்பளம் அறிவிக்கப்பட்டதும் 2021இல்தான். ஆனால் பறித்த கொழுந்தின் நிறை குறைந்தால் முழுப் பேர், அதாவது முழுநாள் சம்பளம், கிடையாது; அரைநாள் சம்பளமான அரைப் பேர்தான்.