சான்றிதழ் எதற்கு, இறாலுக்கா மடிக்கா? கடலூர்க் கரையின் இழுவை மடித் தொழிலை முன்வைத்து

திருவதிகையின் ஓரமாய் ஓடும் கெடிலம், பண்ருட்டியைக் கடந்து கிழக்கே போய்க் கடலூரில் கடலோடு கலக்கிறது. நெய்வேலிப் பக்கத்து நீரை ஏந்திவரும் பரவனாறும் உப்பனாறாகி, கடலூர் முதுநகரை ஒட்டி அதே கரையை வந்தடைகிறது. வெள்ளை இறாலின் வாழ்க்கை இப்படிப்பட்ட கழிமுகங்களை நம்பியே நடக்கிறது. கடலில் இடப்பட்ட முட்டை பொரிந்து சில வாரங்களில் குஞ்சு உவர்நீர் தேடி உள்ளே வரும். சேற்றிலும் அலையாத்தி வேர்களுக்கிடையிலும் சில மாதம் வளரும். பிறகு கடலுக்குத் திரும்பும். திரும்புகிற வழியிலும் திரும்பிய இடத்திலும் இழுவை மடி காத்திருக்கிறது. இந்த மடியில் சிக்கும் இறாலுக்கு ‘நீடித்த மீன்வளத்திலிருந்து பிடிக்கப்பட்டது’ என்று முத்திரை கொடுக்க முடியுமா? கொடுத்தால் அது எதை உறுதி செய்யும்? இவை இக்கட்டுரையின் கேள்விகள். சோழமண்டலக் கரையில் இழுவைப்படகு இன்று இறாலை மட்டும் நம்பிப் பிழைக்கவில்லை. ஆகவே இறாலை அளந்து தரும் சான்று அந்தப் படகைத் திருத்தாது என்பது என் வாதம்.

சான்றளிக்கும் முறையை முதலில் நேர்மையாகப் பார்க்க வேண்டும். 1997இல் தொடங்கப்பட்ட மரைன் ஸ்டூவர்ட்ஷிப் கவுன்சில் மூன்று நெறிகளை வைத்து மீன்பிடியை மதிப்பிடுகிறது. பிடிக்கப்படும் இனத்தின் இருப்பு குன்றாதிருக்க வேண்டும். பிற உயிர்களுக்கும் கடலடிக்கும் நேரும் சேதம் கட்டுக்குள் இருக்க வேண்டும். தொழிலை ஆளும் சட்டமும் அமைப்பும் நடைமுறையில் இயங்க வேண்டும். ஒவ்வோர் அளவுகோலிலும் குறைந்தது 60 மதிப்பெண்ணும், ஒவ்வொரு நெறியிலும் சராசரியாக 80ம் பெற்றால் சான்று கிடைக்கும். குறைந்த மதிப்பெண் பெற்றவற்றை நிபந்தனைகளாக விதித்துக் காலக்கெடுவும் வைப்பார்கள். இது ஏமாற்று வேலை அன்று. இழுவை மடி என்ற ஒரே காரணத்துக்காக எந்தத் தொழிலும் இதில் விலக்கப்படுவதும் இல்லை. அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்து இறால் தொழில் 2007இலும், வெப்பமண்டலக் கடலில் முதலாவதாகச் சுரினாமின் சீபாப் இறால் தொழில் 2011இலும், ஆஸ்திரேலியாவின் வடகடல் இறால் தொழில் 2012இலும் இந்தச் சான்றைப் பெற்றன.

அவற்றால் எப்படி முடிந்தது? ஆஸ்திரேலிய வடகடலில் உரிமம் பெற்ற படகுகள் ஐம்பத்திரண்டு. அவை எங்கே, எத்தனை நாள், எவ்வளவு இழுத்தன என்பது பதிவாகிறது. சுரினாமிலும் சில பத்துப் படகுகள்தான். பிடிப்பதும் பெரும்பாலும் ஒரே இனம். கரையோரம் சிறு மீனவர்க்கு விடப்பட்டது, படகின் நிலையைக் கருவி காட்டிக்கொடுத்தது, மடியில் ஆமை விலக்கி கட்டாயமாக இருந்தது. எண்ணத்தக்க படகுகள், அடையாளம் காணத்தக்க இனம், காக்கத்தக்க எல்லை ஆகிய மூன்றும் முன்பே அமைந்திருந்த இடங்களுக்குச் சான்று பின்னால் வந்தது. இந்த வரிசையைத் தலைகீழாக்கி, சான்று வந்தால் ஒழுங்கு தானாக வரும் என்று நம்புவோர் நம்மிடையே மிகுந்திருக்கிறார்கள்.

தமிழகக் கரையில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட விசைப்படகுகள் உள்ளன. 1950களில் கேரளத்தின் நீண்டகரையில் தொடங்கிய இந்திய நார்வேத் திட்டத்துக்குப் பின் இழுவை மடி பரவியதும், ஜப்பானும் அமெரிக்காவும் இறாலுக்குக் கொடுத்த விலை அதை ஊதிப் பெருக்கியதும் தெரிந்த வரலாறு. கட்டுமரக்காரர்களுக்கும் இழுவைப்படகுகளுக்கும் 1970களில் மூண்ட மோதல்களுக்குப் பிறகே 1983இன் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குபடுத்தும் சட்டம் வந்தது. விசைப்படகு இழுக்கக் கூடாத எல்லை கரையிலிருந்து மூன்று கடல்மைலாக இருந்து, பின்னர் ஐந்தாக்கப்பட்டது. மடியின் முனைப்பையில் 40 மில்லிமீட்டர் சதுரக் கண்ணி வேண்டும் என்ற விதி உள்ளது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலமும் உண்டு. காகிதத்தில் பார்த்தால் மூன்றாம் நெறியில் நல்ல மதிப்பெண் எடுக்கக்கூடிய சட்டம் இது. தடைக்காலம் உண்மையாகவே கடைப்பிடிக்கப்படுகிறது, அது சாதனைதான். ஆனால் கண்ணி அளவையும் ஐந்து கடல்மைலையும் பற்றிக் கரையில் யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பார்க்கலாம்.

சட்டமீறலைவிட ஆழமான சிக்கல் ஒன்று இருக்கிறது. சோழமண்டலக் கரையின் இழுவைத் தொழிலை ஆராய்ந்த ஏரன் லோபோவும் உடனாய்வாளர்களும் 2010இல் கன்சர்வேஷன் லெட்டர்ஸ் இதழில் எழுதிய கட்டுரை இத்துறையில் நான் படித்தவற்றுள் மிக முக்கியமானது. மீன்வளப் பொருளியல் நெடுங்காலமாக ஒரு நம்பிக்கையைச் சுமந்து வந்தது. இறால் குறைந்தால் டீசல் செலவுக்குக் கட்டாது, படகுகள் நிற்கும், வளம் தேறிவிடும் என்பது அது. இங்கே அப்படி நடக்கவில்லை. முன்பு கடலில் கொட்டப்பட்ட கழிசல் மீனுக்குக் கோழித்தீவன ஆலையும் மீன்தூள் ஆலையும் விலை வைத்தன. இறால் குறைந்தபோதும் அந்த வருமானம் படகை ஓட்டியது. காரப்பொடி, நவரை, கத்தாழைக் குஞ்சு, விரல்நீளச் சங்கரா, பெயரே வைக்கப்படாத நண்டும் புழுவும் எல்லாம் சேர்ந்த அந்தக் குவியலுக்கு இனம், வயது, அளவு எதுவும் தேவையில்லை. எடை போதும். எடைக்கு விற்கும் தொழில் தானாக நிற்கும் இடம் எதுவும் இல்லை.

இந்தப் படகைச் சான்றளிப்பவர் எப்படி அளப்பார்? பிடிப்பில் ஓர் இனம் எடையில் 5 விழுக்காட்டை எட்டினால், தாங்கும் திறன் குறைந்த இனமானால் 2 விழுக்காட்டை எட்டினால், அதை முதன்மை இனமாகக் கொண்டு அதன் இருப்பை ஆராய வேண்டும் என்பது வழக்கமான அளவுகோல். குளிர்கடலில் இது நியாயமானது. அங்கே மடியில் ஏறுவது சில இனங்களே. நம் கடலில் ஒரே இழுப்பில் பல பத்து இனங்கள் ஏறும். பெரும்பாலானவை தனித்தனியே 5 விழுக்காட்டைத் தொடாமல் ‘சிறு இனங்கள்’ என்ற பட்டியலுக்குள் போய்விடும். தனித்தனியே சிறியவையான அவை ஒன்றாகச் சேர்ந்தால் பிடிப்பின் பெரும்பகுதி ஆகின்றன. சேதம் அங்கேதான் நடக்கிறது. அளவுகோலை எழுதியவர்களின் நோக்கத்தை நான் ஐயப்படவில்லை. ஆனால் பல்லுயிர் செறிந்த கடலில் அந்த அளவுகோல் கண்ணி பெரிதான வலைபோல் வேலை செய்கிறது.

இறாலின் இயல்பும் இந்தக் குறையை மறைக்க உதவுகிறது. அது குறைந்த ஆயுளும் மிகுந்த முட்டையும் உடைய உயிர். ஓர் ஆண்டு சரிந்தாலும் நல்ல மழை பெய்து கழிமுகம் நிறைந்தால் மறு ஆண்டு மீண்டுவிடும். அதனால் முதல் நெறியில் இறாலுக்கு மதிப்பெண் கிடைப்பது கடினமில்லை. அதே மடியில் ஏறும் திருக்கையும் சுறாவும் பல ஆண்டு வளர்ந்து சில குட்டிகளே போடுபவை. மீளும் இனத்தின் பெயரால் மீளாத இனத்தின் மேல் முத்திரை குத்தலாகாது.

ஆமையின் கதை இன்னொரு பாடம். அமெரிக்கா 1989இல் இயற்றிய சட்டத்தின் 609ஆம் பிரிவு, ஆமை விலக்கி பொருத்தாத நாடுகளின் கடல் இறாலுக்குத் தடை விதித்தது. இந்தியா, மலேசியா, பாகிஸ்தான், தாய்லாந்து ஆகிய நாடுகள் உலக வர்த்தக அமைப்பில் வழக்காடின. 1998இல் மேல்முறையீட்டுக் குழு, அமெரிக்கா அதை நடைமுறைப்படுத்திய விதத்தில் பாகுபாடு கண்டது. ஆமையைக் காக்கும் நோக்கத்தை அது தவறென்று சொல்லவில்லை. 2019இல் இந்தியக் கடல் இறாலுக்கு அமெரிக்கச் சந்தை மூடப்பட்டது. கம்பித் தடுப்பால் ஆமையை வெளியே தள்ளும் கருவியைக் கொச்சியின் மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் வடிவமைத்துத் தந்திருக்கிறது. ஆயினும் 2025இன் தொடக்கத்தில் சென்னையிலும் அதன் தெற்கேயும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கின.

சந்தை மூடிய பின்னும் மடி ஏன் மாறவில்லை? 2023-24இல் இந்தியா ஏற்றுமதி செய்த உறைய வைத்த இறால் 7,16,004 டன், மதிப்பு 40,013 கோடி ரூபாய். அதில் மிகப்பெரும் பங்கு பண்ணைகளில் வளர்ந்த வனாமி வகை இறால். அமெரிக்கத் தடை கடல் இறாலை மட்டுமே தொட்டது, பண்ணை இறால் தடையின்றிப் போயிற்று. வாங்குபவரின் மனச்சாட்சி விற்பவரைத் திருத்தும் என்ற கொள்கைக்கு, விற்பவர் அந்த வாங்குபவரை நம்பியிருக்க வேண்டும். கழிசலைக் கோழித்தீவனத்துக்கும், நடுத்தர மீனைப் பண்ருட்டி, நெய்வேலிச் சந்தைகளுக்கும் விற்கிற படகுக்கு ஐரோப்பியப் பேரங்காடியில் இச்சான்றைக் காட்டும் நீல முத்திரை எவ்வளவு அழுத்தம் தர முடியும்?

ஆற்றுக்கு வருகிறேன். மதிப்பீட்டின் எல்லை மீன்பிடித் தொழிலோடு முடிகிறது. இறாலின் எல்லை திருவதிகை வரைக்கும், நெய்வேலி வரைக்கும் நீள்கிறது. பழுப்பு நிலக்கரிப் படுகைக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் நிலத்தடி நீரை இடைவிடாமல் இறைத்தால்தான் சுரங்கம் நடக்கும். அந்த நீரில் ஒரு பகுதி வாலாஜா ஏரி, பெருமாள் ஏரி வழியே வடிகிறது. சுரங்க விரிவாக்கத்துக்காகப் பரவனாற்றின் போக்கே மாற்றப்படுகிறது. 2023 ஜூலையில் வளையமாதேவியில் விளைந்த வயலுக்குள் எந்திரங்கள் இறங்கியது அதற்காகத்தான். கீழே உப்பனாற்றங்கரையில் சிப்காட் இரசாயன ஆலைகள். கெடிலத்திலோ மணல் போய், வெள்ளம் வரும் நாள் தவிர மற்ற நாள்களில் ஓட்டம் இல்லை. குஞ்சு வளரும் நீரின் அளவையும் தன்மையையும் தீர்மானிப்பவர்களுள் ஒருவர்கூடச் சான்றளிப்பின் மேசையில் உட்காருவதில்லை. வெள்ளாற்று முகத்துவாரத்தில் பரங்கிப்பேட்டையில் 1961 முதல் இயங்கும் அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் ஆய்வு மையம் இந்தக் கழிமுகங்களைப் பற்றிச் சேர்த்த அறிவு பெரிது. அது மீன்பிடி மேலாண்மைக்குள் வராமல் ஆய்வேடுகளில் தங்கிவிடுவது எனக்குப் பெரும் வருத்தம்.

எதிர்வாதம் ஒன்றுக்கு விடை சொல்ல வேண்டும். கேரளத்தின் அஷ்டமுடிக் காயலின் மட்டித் தொழில் 2014இல் இந்தியாவின் முதல் சான்றைப் பெற்றதே, இங்கே மட்டும் ஏன் கூடாது என்பார்கள். அஷ்டமுடி என் வாதத்துக்கே துணை நிற்கிறது. அங்கே ஒரே காயல், ஒரே மட்டி, கையால் வாரும் முறை, இனப்பெருக்க மாதங்களில் தாங்களே கூடி விலகி நிற்கும் மக்கள். அதற்கு நம் கரையில் நிகரானது இழுவைப்படகன்று. மூன்றடுக்கு டிஸ்கோ வலையை நாரிழைப் படகில் ஏற்றிப்போய், அதே வெள்ளை இறாலைக் கரையோரத்தில் பிடித்துவரும் தேவனாம்பட்டினத்து, தாழங்குடாச் சிறு மீனவர் தொழிலே அதற்கு நிகர். அந்த வலையிலும் குறை உண்டு, வேண்டாத மீன் அதிலும் படும். ஆனால் கடலடியை உழுவதில்லை. சான்றுக்கான கட்டணத்தையும் ஆவணங்களையும் தாங்க முடியாதவர்களும் அவர்கள்தான். பணம் உள்ள ஏற்றுமதியாளர் இழுவை இறாலுக்குச் சான்று வாங்கிவிட்டால், குறைந்த சேதத்தோடு பிடிக்கப்பட்ட இறால் முத்திரையின்றிக் குறைந்த விலைக்குப் போகும். இந்த அநீதியைத் தவிர்க்காத எந்தத் திட்டத்தையும் நான் ஏற்க மாட்டேன்.

அப்படியானால் செய்ய வேண்டியவை வேறு. கழிசல் மீனை வாங்கும் ஆலைகள் சட்டத்துக்குள் வர வேண்டும். குஞ்சு மீனைப் பிடிப்பவரோடு வாங்குபவரும் பொறுப்பாக வேண்டும். இனவாரியான குறைந்தபட்ச அளவைத் தமிழ்நாடு அறிவித்து ஏலத்துறையிலேயே அளந்து பார்க்க வேண்டும். படகுகளைக் குறைக்க வேண்டும். பாக் நீரிணையில் மூன்று ஆண்டில் 2,000 இழுவைப்படகுகளை ஆழ்கடல் படகுகளாக மாற்ற 2017இல் 1,600 கோடி ரூபாய்த் திட்டம் போட்டும் சிறு பகுதியே நிறைவேறியதன் காரணத்தை முதலில் வெளிப்படையாக ஆராய வேண்டும். கடன் சுமை அதில் பெரும்பங்கு வகித்தது. இழுவை மடியை முற்றாக நிறுத்துவது கற்பனை என்றும் சொல்வதற்கில்லை, இந்தோனேசியா 1980இல் அதை முயன்றது, இலங்கை 2017இல் சட்டமாக்கியது. கடலூர் மாவட்டக் கரைக்கான மேலாண்மைக் குழு ஒன்றில் மீனவப் பஞ்சாயத்தாரோடு நீர்வளத் துறையும், சுரங்க நிறுவனமும், மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் ஒரே மேசையில் உட்கார வேண்டும். கெடிலமும் பரவனாறும் கடலில் சேரும் இடத்தில் கார்த்திகை, மார்கழியில் எவ்வளவு நன்னீர் வர வேண்டும் என்ற எண் அந்தக் குழுவின் முதல் கூட்டத்திலேயே முடிவாக வேண்டும்.