கடிதத்தில் படம் வந்த வரலாறு



இம்மலருக்காகப் பழைய பரிசளிப்பு விழாப் படங்களைத் தேடும் பொறுப்பு என்னிடம் வந்தது. முன்னாள் மாணவர் ஒருவர் பதினெட்டுப் படங்களோடு அனுப்பிய மின்னஞ்சல் ஞாபகத்துக்கு வரவே, திறந்து பார்த்தேன். எழுத்துகள் அப்படியே இருந்தன; படங்கள் இருந்த இடத்தில் வெறும் கட்டங்கள்தான். பக்கத்தில் நின்ற ஆறாம் ஆண்டு மாணவி, "டீச்சர், படத்தையெல்லாம் யார் எடுத்துட்டாங்க?" என்று கேட்டாள். அவளுக்குச் சொன்ன பதிலையே இங்கு எழுதுகிறேன்.

1972ஆம் ஆண்டுக்கு முன் போர்ட் சுவெட்டன்ஹாம் என்று அழைக்கப்பட்ட நம் போர்ட் கிள்ளானுக்கு, சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் ரஜுலா கப்பல் வந்துகொண்டிருந்த காலத்தை நினைத்துப் பாருங்கள். ஊருக்குப் படம் அனுப்ப வேண்டுமானால் உறையில் வைத்து ஒட்ட வேண்டும். மலிவான ஏரோகிராமில் அது நடக்காது. உள்ளே எதையும் வைக்கக்கூடாது என்பது அஞ்சல் விதி.

மின்னஞ்சலும் முதலில் ஏரோகிராம் மாதிரிதான் இருந்தது. 1971இல் அமெரிக்கரான ரே டாம்லின்சன் ஒரு கணினியிலிருந்து மற்றொரு கணினிக்கு வலைப்பின்னல் வழியே அஞ்சல் அனுப்பியபோது, அதில் எழுத்து மட்டுமே சென்றது. பிறகு 11.3.1992 அன்று நதானியேல் போரன்ஸ்டைன், தாம் பாடிய நால்வர் குழுவின் படத்தையும் பாட்டையும் மின்னஞ்சலில் இணைத்து அனுப்பினார். அவரும் நெட் ஃபிரீடும் வகுத்த 'மைம்' என்னும் விதிமுறை அவ்வாண்டு ஜூனில் வெளிவந்தது. நம் நாட்டில் ஜாரிங் இணையச் சேவை தொடங்கியதும் அதே 1992இல்தான். இப்படியாக ஏரோகிராம் உறையாயிற்று. படம் கடிதத்தோடே வந்து நம்மிடமே தங்கியது.

அடுத்த ஆண்டு, 1993இல், இணையப் பக்கங்களில் படம் காட்டும் குறியீட்டை மார்க் ஆண்ட்ரீசன் முன்மொழிந்தார். பிற்பாடு மின்னஞ்சலும் இணையப் பக்கம் போலவே எழுதப்பட்டதால் அம்முறை கடிதத்துக்குள்ளும் நுழைந்தது. இம்முறையில் கடிதத்துக்குள் படம் கிடையாது. படம் எந்தச் சர்வரில் இருக்கிறது என்ற முகவரி மட்டுமே இருக்கும். நாம் கடிதத்தைத் திறந்ததும் நம் கணினி அங்கே போய்ப் படத்தை வாங்கி வந்து காட்டும். "படத்தைக் கடைக் கண்ணாடியிலே மாட்டியிருக்கேன், வந்து பார்த்துக்கோ" என்று எழுதுவதைப் போன்றது இது. ஆயிரம் பேருக்கு அனுப்பினாலும் கடிதம் கனக்காது, அது இலாபம். ஆனால் கடையை மூடிவிட்டால் படமும் போச்சு!

இன்னொரு சங்கதியும் உண்டு. யார் எப்போது வந்து பார்த்தார் என்று கடைக்காரர் குறித்துக்கொள்ளலாம் அல்லவா? ஆளுக்கொரு முகவரி கொடுத்து, கண்ணுக்கே தெரியாத ஒரு புள்ளிப் படத்தை வைத்து, கடிதத்தைத் திறந்தவரை வணிகர்கள் வேவு பார்த்தார்கள். அதனால் 2003இல் வந்த அவுட்லுக், வெளிப் படங்களைத் தானாகக் காட்டாமல் நிறுத்தி வைத்தது. 2013 டிசம்பரில் ஜிமெயில், தன் சொந்தச் சர்வர் வழியாகவே படங்களை வாங்கிக் காட்டத் தொடங்கியது. 2021இல் ஆப்பிளும், கடிதம் எப்போது திறக்கப்பட்டது என்பதை அனுப்பியவர் அறியாதபடி, படங்களை முன்கூட்டியே எடுத்துவைக்கும் வசதியைக் கொண்டுவந்தது.

சரி, நம் பள்ளிப் படங்கள் என்னவாயின? அந்த மாணவரையே கேட்டேன். படங்களை வைத்திருந்த இடத்துக்குக் கட்டணம் கட்டுவதை நிறுத்திவிட்டாராம். "சாரி டீச்சர், அது உங்ககிட்டேயே இருக்கும்னு நினைச்சேன்" என்றார். அவர் கைப்பேசியில் ஒன்பது படங்களே மிஞ்சியிருந்தன. மற்ற ஒன்பதில் யார் யார் மேடையேறிப் பரிசு வாங்கினார்கள் என்பதை இனி நாம் பார்க்க முடியாது.

ஆகவே பெற்றோர்களே, இன்றைய விழாப் படங்களை அனுப்பும்போது தயவுசெய்து கடிதத்தோடு இணைத்தே அனுப்புங்கள். பெறுகிறவர்கள் அவற்றை இறக்கி இரண்டு இடங்களில் சேமித்து வையுங்கள். நாளை இன்னொரு மலர் வெளிவரும்போது, இன்று பரிசு வாங்கும் பிள்ளைகளின் முகங்கள் அதில் இடம்பெற வேண்டும்.

வாழ்க தமிழ்! வளர்க நம் பள்ளி!