குளிர்காலத்தில் ஒரு பழைய தலைநகரம்

இந்த டிசம்பர்ல ஒரு சனிக்கிழமை, காலையில கிளம்பி ராத்திரி சாப்பாட்டுக்குத் திரும்பணும். எங்கேன்னு ரூம்ல ஒரே விவாதம். முதல்ல அடிபட்ட பேர் ஆல்பனி, நியூயார்க் மாநிலத் தலைநகரம். டொரண்டோவிலிருந்து போகவே ஆறு மணி நேரத்துக்கு மேல. நாலே முக்காலுக்கெல்லாம் இங்க இருட்டிடும். பனியில ராத்திரி முழுக்க ஓட்டறது நமக்கு ஆகாது சாமி!

நான் சொன்ன ஊர் நயாகரா-ஆன்-தி-லேக். சுமார் 130 கிலோமீட்டர்தான். "அது ஒயின் ஊராச்சே, தலைநகரமா?"ன்னான் ஒருத்தன். ஆமாங்க, டொரண்டோவுக்கு முன்னாடி அதுதான்.

1791ல் கியூபெக்கை ரெண்டாப் பிரிச்சதுல வந்தது அப்பர் கனடா, அதாவது இன்றைய ஒண்டாரியோவின் தென்பகுதி. அதோட முதல் லெப்டினன்ட் கவர்னர் சிம்கோ, இந்த ஊருக்கு நியூவார்க்னு பேர் வச்சு, 1792 செப்டம்பர்ல முதல் சட்டசபையைக் கூட்டினார். ஆனா ஆத்துக்கு அந்தக் கரை அமெரிக்கா. பீரங்கி எட்டற தூரத்துல தலைநகரம் வேணாம்னு 1793ல் ஏரிக்கு இந்தப் பக்கம் யார்க்கைத் தேர்ந்தெடுத்தார். அதுதான் டொரண்டோ. அதுவும் தற்காலிகமாத்தானாம் :-) அவர் ஆசைப்பட்டது ஒண்டாரியோ லண்டனுக்கு.

"கோடையில போலாமே"ங்கறாங்க பசங்க. எனக்கென்னவோ இந்த ஊருக்குக் குளிர்காலம்தான் சரின்னு படுது.

வழியில குவீன்ஸ்டன்ல வண்டியை நிறுத்தணும். 1793 மார்ச் 14, க்ளோயி கூலிங்கற கருப்பின அடிமைப் பெண்ணைக் கட்டி, படகில் ஏத்தி, அக்கரையில வித்துட்டான் அவளுடைய எஜமான் ஆடம் வ்ரூமன். (பேர்லதான் கூலி, வாங்கினதில்லை.) அவள் திமிறினதையும் கத்தினதையும் பீட்டர் மார்ட்டின்ங்கற கருப்பினத்தவர் சிம்கோவின் சபைக்கே வந்து சொன்னார். வ்ரூமன் மேல போட்ட வழக்கு நிக்கலை. எஜமானுக்கு அடிமை சொத்து, சட்டம் அப்படி. ஆனா அதே ஜூலையில புதுச் சட்டம் வந்தது: இனி அடிமைகளைக் கொண்டுவரக் கூடாது, அவங்களுக்குப் பிறக்கற பிள்ளைகளுக்கு 25 வயசுல விடுதலை. ஏற்கனவே அடிமையா இருந்தவங்களுக்கு? ஒண்ணுமில்லை! சபையில அடிமை வச்சிருந்தவங்களும் உட்கார்ந்திருந்தாங்களே. எல்லை தாண்டி விக்கறதைக்கூட அது தடுக்கலை, அதனால கூலிக்கு அந்தச் சட்டமும் உதவியிருக்காது. முழு விடுதலை 1834ல். நம்ம ஆளுங்க குறிச்சுக்கணும்: அந்தப் பேரரசுச் சட்டத்துல கம்பெனி ஆண்ட இந்தியாவுக்கும் இலங்கைக்கும் விலக்கு. இந்தியாவுக்கு 1843, இலங்கைக்கு 1844 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அங்கிருந்து ஆத்தோரமாவே போனா ஊர் வந்துடும். சிம்கோ பயந்தது பலிச்சது, ஆனா ரெண்டு ஊரையும் சேர்த்து. 1813 ஏப்ரல்ல அமெரிக்கப் படை யார்க்கைப் பிடிச்சப்ப சட்டசபைக் கட்டடம் எரிஞ்சது. டிசம்பர் 10ம் தேதி, நியூவார்க்கை விட்டுக் கிளம்பின அமெரிக்கத் தளபதி மக்ளூர் ஊரையே கொளுத்தச் சொன்னார். சில மணி நேர அவகாசம்தான். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், வயசானவங்க. சுமார் 400 பேர் கொட்டற பனியில தெருவுல நின்னாங்க. கொளுத்தினவங்கள்ல அமெரிக்கா பக்கம் சாய்ஞ்ச கனடாக்காரங்களும் உண்டு. அவங்க தலைவர் ஜோசப் வில்காக்ஸ், அதே ஊர்ல பத்திரிகை நடத்தினவர், அப்பர் கனடா சட்டசபை உறுப்பினர்.

இருபது நாளுக்குள்ள பதிலடி: பிரிட்டிஷ் படை லூயிஸ்டனையும் பஃபலோவையும் எரிச்சது. அங்கேயும் அதே பனிதான்.