யானைகளுக்கு நடுவே ஒரு பெண்

பரிஸில் லாச்சப்பல் கடைத்தெருவிலிருந்து தெற்குப் பக்கமாக நடந்தால் முக்கால் மணி நேரத்துக்குள் 'சேர்க் திவேர்' என்ற வட்டமான பழைய கட்டடத்துக்குப் போய்விடலாம். குளிர்கால சர்க்கஸ் என்று பொருள். 1852இல் கட்டப்பட்டது. நேயர்களில் பலர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அங்கே போயிருப்பீர்கள். ஒளிப்படக் கலையின் வரலாற்றில் மிகவும் பேசப்பட்ட படங்களில் ஒன்று இந்தக் கட்டடத்துக்குள் எடுக்கப்பட்டது என்பது பலருக்குத் தெரிந்திருக்காது.

1955 ஓகஸ்ட் மாதம். அமெரிக்காவின் 'ஹார்ப்பர்ஸ் பஸார்' சஞ்சிகைக்காக றிச்சர்ட் அவெடன் என்ற படப்பிடிப்பாளர் பரிஸ் வந்திருந்தார். டியோர் நிறுவனத்தின் புதிய உடுப்புக்களைப் படம்பிடிக்க வேண்டும். வழமையாக இப்படியான படங்களை ஒரு மாளிகைப் படிக்கட்டிலோ ஸ்டூடியோவிலோ எடுப்பார்கள். அவெடன் தன் மொடலைச் சர்க்கஸ் யானைகளின் கொட்டிலுக்குக் கூட்டிப்போனார். மேலிருந்து இயற்கை வெளிச்சம் விழுந்துகொண்டிருந்தது. அந்த வெளிச்சத்தில் யானைகளைக் கண்டதும் படம் இங்கேதான் என்று தீர்மானித்தாராம்.

படத்தை ஒருதரம் மனக்கண்ணில் பாருங்கள். நடுவில் மெலிந்து உயர்ந்த ஒரு பெண். கறுப்பு நிறத்தில் உடலோடு ஒட்டிய மாலை நேர உடுப்பு, இடுப்பிலிருந்து தரைவரை தொங்கும் வெள்ளைப் பட்டு நாடா. ஒரு கை ஒரு யானையின் தும்பிக்கையில் இருக்கிறது. மற்றக் கை மறுபக்கத்து யானையை நோக்கி நீள்கிறது. தலை ஒருபக்கம் சாய்ந்து, கண் மூடினாற் போல. பின்னால் மடிப்பு மடிப்பான தோலோடு யானைகள். மழமழப்பான உடுப்புக்கும் கரடுமுரடான தோலுக்கும் உள்ள வேறுபாடுதான் படத்தின் அழகு என்று கலை விமர்சகர்கள் எழுதுவார்கள். சரிதான்.

ஆனால் நாங்கள் மாட்டைக் கயிற்றில் கட்டி வளர்த்த சனம். எங்கள் கண் முதலில் காலுக்குத்தான் போகும். அந்த யானைகளின் காலில் சங்கிலி இருக்கிறது. தரையில் வைக்கோல் கிடக்கிறது. அவெடன் அதை மறைக்கவில்லை, வெட்டவும் இல்லை. கனவு போன்ற ஒரு படத்தின் அடிப்பாகத்தில் அந்த இரும்பும் வைக்கோலும் அப்படியே இருக்கின்றன. அதனால்தான் அந்தப் படம் வெறும் உடுப்பு விளம்பரமாகப் போகாமல் இன்றைக்கும் நிற்கிறது என்பது என் எண்ணம்.

அவெடனுக்கு அந்தப் படத்தில் ஒரு குறை இருந்தது. சங்கிலி பற்றியதல்ல. வெள்ளை நாடா இடப்பக்கமாகப் பறந்திருக்க வேண்டும், அப்படிப் பறக்கவிடாமல் போனேனே, அதனால் இது எனக்குத் தோல்விப் படம்தான் என்று பிற்காலத்திலும் சொல்லிக்கொண்டிருந்தார். 2004இல் அவர் காலமானார். 2010 நவம்பரில் பரிஸ் ஏலம் ஒன்றில் இந்தப் படத்தின் பெரிய பிரதி ஒன்று 8,41,000 யூரோவுக்கு விலைபோனது. வாங்கியது டியோர் நிறுவனமே. அந்தக் கறுப்பு உடுப்பை வரைந்தவர் அப்போதுதான் அங்கே வேலைக்குச் சேர்ந்திருந்த 19 வயதுப் பையன். பெயர் இவ் சென் லோரோன்.

படம்பிடித்தவரின் பெயர் தெரியும். உடுப்பு வரைந்தவரின் பெயர் தெரியும். விலை தெரியும். அந்தப் பெண் யார்?

அவர் டோவிமா. நியூயோர்க்கில் 1927இல் பிறந்தவர். டொரதி, வேர்ஜினியா, மார்கரெட் என்று மூன்று பெயர்கள் அவருக்கு இருந்தன. ஒவ்வொன்றின் தொடக்கத்தையும் எடுத்து டோ-வி-மா என்று சிறு வயதிலேயே தனக்கொரு பெயர் செய்துகொண்டார். பத்து வயதில் வாதக் காய்ச்சல் வந்து பல ஆண்டுகள் கட்டிலில் கிடந்த பிள்ளை, படம் கீறிப் பொழுதைப் போக்கிய பிள்ளை அது. எங்களில் பலருக்கு இந்த நாடுகளின் அலுவலகங்கள் தகப்பன் பெயரை முன்னும் பின்னும் மாற்றிப் போட்டு ஒரு புதுப் பெயரைத் தந்தன. டோவிமா தன்னுடையதைத் தானே செய்தார். அந்த வகையில் கொடுத்துவைத்தவர்.

1949இல் நியூயோர்க் தெருவில் அவரைக் கண்ட சஞ்சிகைக்காரர் ஒருவர் உள்ளே அழைத்துப்போனார். 1950களில் உலகத்திலேயே அதிக சம்பளம் வாங்கிய மொடல்களில் ஒருவரானார். மணித்தியாலத்துக்கு 60 டொலர். நிமிடத்துக்கு ஒரு டொலர் பெண் என்று பத்திரிகைகள் பட்டம் வைத்தன. முன்பல் ஒன்று உடைந்திருந்ததால் வாயை மூடியே புன்னகைப்பார். அதையும் ஒரு மர்மமான அழகு என்று எழுதினார்கள். 1960களின் தொடக்கத்தில் அந்தத் தொழிலிலிருந்து விலகினார். திருமணங்கள் சரிவரவில்லை. கையில் காசு தங்கவில்லை. கடைசியில் புளோரிடாவில் ஒரு பீட்சா கடையில் வருகிறவர்களை மேசைக்குக் கூட்டிப்போய் இருத்தும் வேலை செய்தார். 1990இல் புற்றுநோயால் இறந்தார். வயது 62.

அந்த யானைகளுக்கு என்ன பெயர் என்று படத்தோடு யாரும் எழுதி வைக்கவில்லை. அருங்காட்சியகத்தில் 'டோவிமாவும் யானைகளும்' என்றுதான் போட்டிருக்கும்.

பெண்ணை மிருகத்தோடு நிறுத்திப் படம் எடுப்பது அவெடன் கண்டுபிடித்த விடயமல்ல. ஒளிப்படத்தின் ஆரம்ப காலத்தில் அது கஷ்டம். படம் பதியப் பல வினாடிகள் ஆகும். மனிதரைக் கழுத்துக்குப் பின்னால் ஒரு இரும்புத் தாங்கி வைத்து அசையாமல் நிறுத்தலாம், நாயை என்ன செய்வது? பழைய படங்களில் குதிரைகளின் தலை புகைபோல் கலங்கி இருப்பதைக் காணலாம். கறுப்பு உடுப்பில், குதிரை மேல் இருக்கும் விதவை விக்ரோறியா மகாராணியை 1863இல் ஸ்கொட்லாந்தில் எடுத்த ஒரு படம் அந்நாளில் மிகவும் பிரபலம். கடிவாளத்தைப் பிடித்திருப்பவர் அவருடைய வேலையாள் ஜோன் பிறவுண். குதிரையின் பெயர் ஃபைவி. மகாராணியின் குதிரை என்றால் பெயர் பதிவாகும்.

பரிஸில் இன்னொரு மிருகத்துக்கும் பெயர் இருந்தது. சிக்கித்தா. அது ஒரு சிறுத்தை, பாயும் வேகத்துக்குப் பேர்போன சீற்றா இனம். 1930இல் 'கசினோ து பரி' நாடக அரங்கில் ஜோசஃபின் பேக்கர் ஆடியபோது மேடைக்காக வாங்கப்பட்டது. கழுத்தில் வைரப் பட்டை. சில இரவுகளில் அது வாத்தியக்காரர்கள் இருக்கும் பள்ளத்துக்குள் பாய்ந்து அவர்களைக் கலங்கடித்தது என்று கதை உண்டு. பேக்கரும் சிக்கித்தாவும் சேர்ந்து நிற்கும் ஸ்டூடியோப் படங்கள் அஞ்சலட்டைகளாக விற்பனையாகின.

பேக்கர் அமெரிக்காவில் சென் லூயிஸ் என்ற நகரத்தில் 1906இல் பிறந்த கறுப்பினப் பெண். 1925இல் பரிஸ் வந்தார். ஆபிரிக்காவில் பிறந்தவருமல்ல, காட்டில் வளர்ந்தவருமல்ல. ஆனால் பரிஸ் இரசிகர்களுக்கு அவரிடம் காடு தேவைப்பட்டது. முதலில் வாழைப்பழப் பாவாடை, பிறகு சிறுத்தை. 'இவளும் இதுவும் ஓரினம்' என்பதுதான் அந்தப் படங்களைத் தயாரித்தவர்கள் பார்ப்பவருக்குச் சொல்ல நினைத்தது. எனக்கு அந்தப் படங்களைப் பார்க்கக் கோபம் வரும். அதேவேளை பேக்கரின் முகத்தைப் பார்த்தால் கோபம் பாதியில் நின்றுவிடும். நாடா அவருடைய கையில் இருக்கிறது. கேலி செய்ய வந்தவர்களை அவர் கேலி செய்வது போல ஒரு சிரிப்பு. பின்னாளில் அவர் பிரான்ஸ் பிரஜையானார், உலகப் போரில் நாஜிகளுக்கு எதிரான எதிர்ப்பியக்கத்துக்குத் துப்புக் கொடுத்தார், பன்னிரண்டு பிள்ளைகளைத் தத்தெடுத்தார். 2021 நவம்பர் 30ஆம் திகதி பிரான்ஸ் தன் பெரியோர்களை வைக்கும் பந்தியோனில் அவருக்கு இடம் கொடுத்தது.

அதே 2021 நவம்பர் 30 திகதியிட்ட ஒரு சட்டமும் பிரான்ஸில் உண்டு. ஊர் ஊராகப் போகும் சர்க்கஸ்களில் காட்டு மிருகங்களை வைத்து வித்தை காட்டுவதை 2028இலிருந்து தடைசெய்யும் சட்டம். திகதி ஒத்துப்போனது தற்செயல்தான்.

1981இல் இதே அவெடன், நஸ்ராசியா கின்ஸ்கி என்ற நடிகையின் உடலில் ஒரு மலைப்பாம்பைச் சுற்றவிட்டு எடுத்த படமும் பெரிய பெயர் பெற்றது. சுவரொட்டியாக உலகெங்கும் விற்றது. அதில் உடுப்பும் இல்லை, என்னைப் பொறுத்தவரையில் யானைப் படத்திலுள்ள ஆழமும் இல்லை. ஏவாளும் பாம்பும் என்ற பழைய கதையைத் திரும்பச் சொன்னதோடு சரி.

இந்தப் படங்களிலெல்லாம் மிருகம் வாடகைக்கு வந்தது, அல்லது மேடைக்காக வாங்கியது. பெண்ணோடு அதற்கு வேறு உறவில்லை. உறவு இருந்தால் படம் எப்படி மாறும் என்று பார்க்க மெக்சிக்கோவுக்குப் போக வேண்டும்.

ஓவியர் ஃபிறீடா காலோவை நேயர்கள் அறிவீர்கள். 1939இல் அவர் பரிஸில் ஓவியங்களைக் காட்சிக்கு வைத்தபோது பிரெஞ்சு அரசு அவற்றில் ஒன்றை வாங்கியது. அதே ஆண்டு மெக்சிக்கோவில் அவருடைய வீட்டில் நிக்கொலஸ் மறே என்பவர் அவரை ஒரு மான்குட்டியோடு படம்பிடித்தார். அது ஃபிறீடா வளர்த்த மான். பெயர் கிறனீசோ. ஆலங்கட்டி மழை என்று பொருள்.

எங்கள் ஊர்களிலும் அல்பங்களில் இப்படியான படங்கள் இருந்தன. வெளிநாட்டிலிருந்து வந்த மாமா கமராவைத் தூக்க, அம்மம்மா கன்றின் கழுத்தைப் பிடித்தபடி வெட்கத்தோடு நிற்பா. கன்றின் பெயர் வீட்டிலுள்ள எல்லோருக்கும் தெரியும். படத்தின் பின்பக்கத்தில் யாரும் எழுதவில்லை, எழுதத் தேவை இருக்கவில்லை. அந்த அல்பங்களில் எத்தனை இடப்பெயர்வுகளில் போய்விட்டன என்பதை நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. தப்பி வந்த படங்கள் யாரிடமாவது இருந்தால், பெரியவர்கள் இருக்கும்போதே பெயர்களைக் கேட்டு எழுதி வையுங்கள். மாட்டின் பெயரையும் சேர்த்துத்தான்.

ஃபிறீடா விரும்பி உடுத்திய நீண்ட பாவாடையும் பூவேலைச் சட்டையும் மெக்சிக்கோவின் தெற்கே தெவான்தெபெக் பகுதிப் பெண்களின் உடுப்பு. அங்கே உச்சித்தான் என்று ஒரு ஊர். சப்போதெக் என்ற பூர்வகுடி மக்களின் ஊர். சந்தை முழுக்கப் பெண்களின் கையில். 1979இல் அந்த ஊரைச் சேர்ந்த பிரான்சிஸ்கோ தொலேதோ என்ற ஓவியர், கிறசியேலா இத்துர்பிதே என்ற படப்பிடிப்பாளரை அங்கே வரும்படி அழைத்தார். இத்துர்பிதே 1942இல் மெக்சிக்கோ நகரத்தில் பிறந்தவர். 1970இல் தன் ஆறு வயது மகளைச் சாகக் கொடுத்த தாய். உச்சித்தானுக்குப் போய்ச் சந்தைப் பெண்களோடு தங்கினார், அவர்களோடு இருந்து கதைத்தார். தூரத்திலிருந்து இழுத்துப் படம் எடுக்கும் நீண்ட வில்லைகளை அவர் பாவிப்பதில்லை. எடுக்கிறேன் என்று எதிரில் இருப்பவருக்குத் தெரிய வேண்டும் என்பது அவருடைய வழக்கம்.

ஒருநாள் சொபெய்தா என்ற பெண் தலையில் உயிருள்ள இகுவானாக்களோடு சந்தைக்கு வந்தார். இகுவானா என்பது எங்கள் உடும்பைப் போலத் தோன்றும் ஒரு பிராணி. அங்கே அதன் இறைச்சியைச் சமைத்துச் சாப்பிடுவார்கள். எங்கள் மீன்காரப் பெண்கள் கடகத்தைத் தலையில் வைத்து வருவது போல அவர் விற்பனைப் பொருளைத் தலையில் வைத்து வந்தார், அவ்வளவுதான். கொஞ்சம் நில்லுங்கள் என்று இத்துர்பிதே கேட்டார். அவர் நின்றார். பன்னிரண்டு தடவை படம் எடுத்ததில் ஒன்றே ஒன்றுதான் சரிவந்தது.

அந்த ஒன்றில் சொபெய்தா கீழிருந்து பார்க்கும் கோணத்தில் ஒரு சிலை போல நிற்கிறார். இகுவானாக்கள் தலையைத் தூக்கி முடியில் பதித்த கற்கள் போல இருக்கின்றன. 'இகுவானாக்களின் மாதா' என்று இத்துர்பிதே பெயர் வைத்தார். ஊர்க்காரர் உச்சித்தானின் மெடூசா என்றார்கள், பாம்புகளைக் கூந்தலாகக் கொண்ட கிரேக்கப் புராணப் பெண்ணை நினைத்து. உச்சித்தானில் அந்தப் பெண்ணுக்குச் சிலை வைத்தார்கள். கடல் தாண்டாவிட்டாலும் எல்லை தாண்டிப் பிழைக்கப் போன மெக்சிக்கோக்காரர் லொஸ் ஏஞ்சலிஸ் சுவர்களில் அந்தப் படத்தைப் பெரிதாக வரைந்தார்கள். இத்துர்பிதேயின் உச்சித்தான் படங்கள் 1989இல் புத்தகமாக வந்தன. 2008இல் அவருக்கு ஹசல்பிளாட் விருதும், 2025இல் ஸ்பெயினின் அஸ்தூரியாஸ் இளவரசி விருதும் கிடைத்தன.

இதுவும் வெளியூர்க்காரர் ஒருவர் வந்து பூர்வகுடிப் பெண்ணை விசித்திரமாகக் காட்டிய படம்தானே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நியாயமான கேள்வி. இத்துர்பிதே தலைநகரத்துப் பெண், விருதுகள் அவருக்குத்தான். சந்தைக்காரிக்கு மாதா என்று பெயர் வைத்தது சந்தைக்காரியல்ல. ஆனாலும் இதைச் சிறுத்தைப் படத்தோடு ஒரே தட்டில் வைக்க எனக்கு மனமில்லை. அந்த மிருகங்களை அங்கே கொண்டுவந்தது கமராவல்ல, சொபெய்தாவின் பிழைப்பு. படம் எடுக்காவிட்டாலும் அன்று அவர் அப்படித்தான் அந்தச் சந்தைக்குள் நடந்திருப்பார்.

அன்று எடுத்த மற்றப் படங்களும் பின்னர் வெளியாகியிருக்கின்றன. அவற்றில் மாதாவைக் காணவில்லை. இகுவானாக்கள் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு கிடக்கின்றன. கீழே சொபெய்தா, இந்தப் பெண்ணுக்கு இதில் எடுக்க என்ன இருக்கிறது என்பது போலச் சிரிப்பை அடக்க முடியாமல் நிற்கிறார்.