மறுபடியும் பெயர் பதிந்த சிப்பாய்கள்



ஆமியை விட்டு வந்த ஒருவர் ஏன் மறுபடியும் படையில் சேர்கிறார்? வீரம், விசுவாசம் என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். நமது மலாய் சகோதரர்களின் வரலாறு வேறொரு பதிலையும் தருகிறது.

ஒல்லாந்தர் ஜாவா முதலிய தீவுகளிலிருந்து கொண்டுவந்த சிப்பாய்கள் பலரின் சந்ததியே இவர்கள். 1796இல் ஒல்லாந்தர் கொழும்பை இழந்ததும், அந்தச் சிப்பாய்கள் பிரித்தானியரிடம் சேர்ந்தார்கள். 1803இல் பிரித்தானியர் கண்டியில் தோற்றபோது, கப்டன் நூர்தீனைத் தன் படைக்கு வருமாறு கண்டி மன்னன் அழைத்தான். அவர் மறுத்தார், கொல்லப்பட்டார். பிடிபட்ட மலாயர் பலரோ மன்னனின் சேவையை ஏற்றார்கள். இருவரில் யாரையும் இன்று நாம் குறை சொல்ல முடியாது.

1827 முதல் இப்படை 'சிலோன் ரைபிள்ஸ்' எனப்பட்டது. மனைவி மக்களும் படை முகாமிலேயே வாழ்ந்தார்கள். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமும் அங்கேதான். தகப்பனுக்குப் பின் மகன் சேர்வது வழக்கமாயிற்று. அக்காலப் பிரித்தானியக் காலாட்படையில் 1847க்குப் பின் முதல் தவணை 10 வருடம். பென்சன் வேண்டுமென்றால் மறுபடி பெயர் பதிந்து 21 வருடத்தை முடிக்க வேண்டும். சிப்பாயைப் பிடித்து வைத்தது கொடி மட்டுமல்ல, பென்சனும்தான்.

பிறகு மலைநாட்டில் கோப்பித் தோட்டங்கள் பெருகின. அங்கே கூலி கூட. மலாய் இளைஞர்கள் படைக்கு வருவது குறைந்தது. ஆள் தேடி மலாய் நாடுகளுக்கே அதிகாரியை அனுப்பியும் பலனில்லை. 1873இல் படை கலைக்கப்பட்டது. பலர் பொலிஸுக்கும் தோட்டங்களுக்கும் போனார்கள். வேறு நல்ல பிழைப்பு கிடைத்ததும் துவக்கைத் தூக்க ஆள் இல்லாமல் போனது.

இந்தக் கணக்கு இன்றும் மாறவில்லை. ஓய்வுபெற்ற நம் நாட்டுப் படையினர் நூற்றுக்கணக்கில் ரஷ்ய, உக்ரேன் போருக்குப் போனார்கள். நல்ல சம்பளம் என்று சொல்லி முகவர்கள் ஏமாற்றியிருந்தார்கள். குறைந்தது 16 பேர் இறந்ததாக 2024 மே மாதம் அரசு அறிவித்தது. பொருளாதார நெருக்கடி முறித்த வீடுகளிலிருந்து போனவர்கள் அவர்கள்.

பெல்மதுளையிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும், எந்தச் சமூகத்தவராயினும், இப்படி ஓர் அழைப்பு வந்தால் கையெழுத்திடுமுன் பெரியவர்களிடம் காட்டுங்கள். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் விசாரியுங்கள். போகாதே என்று மட்டும் சொல்லிவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்ளவும் கூடாது. இங்கேயே பிழைக்க ஒரு வழி காட்டுவதும் நம் கடமை.