பனியில் சறுக்கும் மோட்டார் சைக்கிளும் அதன் முன் ஃபோர்க்கும் - ஒரு சிறு வரலாறு

மோட்டார் சைக்கிள் வாங்குபவர்கள் எஞ்சினைப் பார்ப்பார்கள், மைலேஜ் கேட்பார்கள், நிறத்தைப் பற்றி வீட்டில் சண்டை கூடப் போடுவார்கள். ஹேண்டில்பாரில் இருந்து முன்சக்கரம் வரை இறங்கும் இரண்டு குழாய்களைப் பற்றி மட்டும் யாரும் விசாரிப்பதில்லை. முன் ஃபோர்க் என்று சொல்லப்படும் அந்த இரண்டு கால்கள்தான் ரோட்டில் உள்ள ஒவ்வொரு பள்ளத்தின் அடியையும் முதலில் வாங்கிக் கொள்கின்றன.

அமெரிக்கா, கனடா நாடுகளின் பனி மலைகளில் ஒரு வினோதமான வண்டி ஓடுகிறது. மண்ணில் ஓட்டுவதற்காகச் செய்யப்பட்ட டர்ட் பைக்கின் இரண்டு சக்கரங்களையும் கழற்றிவிட்டு, முன்னால் ஒரு சறுக்குப் பலகையும் பின்னால் பல்வரிசை கொண்ட ரப்பர் பட்டையும் மாட்டிவிடுகிறார்கள். இதற்கு ஸ்னோ பைக் என்று பெயர். எஞ்சினும் சட்டமும் ஹேண்டில்பாரும் அப்படியே இருக்கும். ஆனால் முன் ஃபோர்க்கை மட்டும் திறந்து வேலை பார்க்க வேண்டி வருகிறது. ஏன் அப்படி? விடை தெரிய வேண்டுமானால் நூறு ஆண்டுகள் பின்னால் போக வேண்டும்.

ஸ்பிரிங்கில் தொடங்கி எண்ணெய் வரை

ஆரம்ப கால மோட்டார் சைக்கிள்கள் ஏறக்குறைய எஞ்சின் வைத்த சைக்கிள்களே. முன்பக்கம் அடி தாங்க எதுவும் கிடையாது. பிறகு கர்டர் ஃபோர்க் வந்தது. பாலத்தின் இரும்புச் சட்டம் போன்ற ஒரு அமைப்பும், மேலே ஒரு ஸ்பிரிங்கும். ஒரு குழாய்க்குள் இன்னொரு குழாய் இறங்கி ஏறும் முறையை இங்கிலாந்தின் ஆல்ஃபிரட் ஆங்கஸ் ஸ்காட் 1908-லேயே தன் வண்டிகளில் பயன்படுத்தினார். ஆனால் அதில் எண்ணெயால் அதிர்வை அடக்கும் வசதி இல்லை.

வெறும் ஸ்பிரிங் இருந்தால் என்ன ஆகும்? அழுத்தினால் அமுங்கும், விட்டால் துள்ளும், மறுபடி அமுங்கும். வாங்கிய அடியை ஸ்பிரிங் அப்படியே திருப்பிக் கொடுத்துவிடும். அந்த ஆற்றலை எங்காவது செலவழித்தாக வேண்டும். குழாய்க்குள் எண்ணெயை ஊற்றி, சிறிய துளைகள் வழியாக அதைப் பிதுங்கி ஓட வைத்தால் ஆற்றல் வெப்பமாக மாறிப் போய்விடும். 1935-ல் ஜெர்மனியின் பிஎம்டபிள்யூ நிறுவனம் தன் ஆர்12, ஆர்17 வண்டிகளில் எண்ணெய் கொண்டு அடக்கும் டெலஸ்கோபிக் ஃபோர்க்கைக் கொண்டுவந்தது. 1941-ல் இங்கிலாந்தின் மேட்ச்லெஸ், ராணுவத்துக்கான ஜி3/எல் வண்டியில் 'டெலிட்ராலிக்' என்ற பெயரில் இதே முறையைப் பொருத்தியது. போருக்குப் பிறகு உலகம் முழுவதும் இதுவே வழக்கமாகிவிட்டது.

மண்ணில் நீண்ட கால்கள்

அடுத்த பெரிய பாய்ச்சல் மோட்டோகிராஸ் பந்தயங்களில் நடந்தது. பெல்ஜியத்தைச் சேர்ந்த லூசியன் டில்கென்ஸ் என்ற பொறியாளர் வடிவமைத்த ஒற்றை ஷாக் அப்சார்பர் முறையை யமஹா வாங்கியது. அந்த வண்டியில் 1973-ல் ஹாக்கன் ஆண்டர்சன் 250 சிசி உலகப் பட்டம் வென்றார். பின்சக்கரம் முன்பைவிட அதிக தூரம் ஏறி இறங்கத் தொடங்கியதும் முன் ஃபோர்க்கும் நீள வேண்டியதாயிற்று. பத்தே ஆண்டுகளில் இரண்டு பக்கமும் சுமார் 300 மில்லிமீட்டர் ஏறி இறங்கும் அளவுக்கு வண்டிகள் உயர்ந்துவிட்டன.

இந்தப் போட்டியில் புதிய நிறுவனங்களும் பிறந்தன. ஸ்வீடனில் கென்த் ஓலின் 1976-ல் ஓலின்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். நெதர்லாந்தில் விம் பீட்டர்ஸ் 1977-ல் வொயிட் பவர் நிறுவனத்தைத் தொடங்கினார். இன்றைய டபிள்யூபி அதுதான். 1980-களில் தடித்த குழாய் மேலே, மெல்லிய குழாய் கீழே என்று தலைகீழாக மாட்டும் ஃபோர்க் பரவியது.

அதே காலத்தில் ஃபோர்க்கின் உள்ளேயும் ஒரு மாற்றம் நடந்தது. வெறும் துளையில் ஓடும் எண்ணெய்க்கு ஒரு குணம் உண்டு. வேகம் இரண்டு மடங்கானால் அதன் எதிர்ப்பு ஏறக்குறைய நான்கு மடங்காகும். மெதுவான மேட்டில் ஃபோர்க் மிகவும் இளகிவிடும், வேகமான கல்லில் இரும்புக் கம்பி போல இறுகிவிடும். இதற்குத் தீர்வாகக் கார்ட்ரிட்ஜ் முறை வந்தது. துளையின் மேல் மெல்லிய எஃகு வட்டத் தகடுகளை அடுக்கி வைப்பார்கள். எண்ணெய் வேகமாக வந்தால் தகடுகள் வளைந்து வழி விடும். எத்தனை தகடு, எவ்வளவு தடிமன் என்பதை மாற்றினால் ஃபோர்க்கின் குணமே மாறும். இன்றைக்கும் ஃபோர்க் மெக்கானிக்கின் திறமை அந்தத் தகடுகளை அடுக்குவதில்தான் இருக்கிறது.

பனிக்கு வந்த பட்டை

இனி பனியின் பக்கம் வருவோம். கனடாவின் கியூபெக் மாகாணத்தில் வால்கோர்ட் என்ற சிற்றூர். 1934 குளிர்காலத்தில் ஜோசப்-ஆர்மன்ட் பொம்பார்டியே என்ற இளம் மெக்கானிக்கின் இரண்டு வயது மகன் நோயில் விழுந்தான். சாலைகள் பனியில் மூடிக் கிடந்ததால் மருத்துவமனைக்குக் கொண்டு போக முடியவில்லை. குழந்தை இறந்துவிட்டான். பனியில் ஓடும் வண்டி செய்ய ஏற்கெனவே முயன்று வந்த அந்தத் தந்தை, 1937-ல் பல்சக்கரமும் பட்டையும் சேர்ந்த முறைக்குக் காப்புரிமை பெற்றார். அவர் செய்த மூடிய வண்டிகள் கிராமத்து மக்களை ஏற்றிச் சென்றன. 1959-ல் ஒருவர் இருவர் ஏறிச் செல்லும் சிறிய ஸ்கி-டூ வந்தது. இப்படிப் பனியில் பட்டையின் வரலாறு விளையாட்டில் தொடங்கவில்லை, ஒரு குழந்தையின் உயிரில் தொடங்கியது.

மோட்டார் சைக்கிள் ஃபோர்க்கும் பட்டையும் ஒரே வண்டியில் சேர்ந்தது இரண்டாம் உலகப் போரில். ஜெர்மனியின் என்எஸ்யூ நிறுவனம் செய்த கெட்டென்கிராட் வண்டியில் முன்னால் மோட்டார் சைக்கிள் ஹேண்டில்பார், ஃபோர்க், ஒற்றைச் சக்கரம். பின்னால் இரண்டு பட்டைகள். 8,000-க்கும் மேல் செய்யப்பட்ட இவை ரஷ்யப் போர்முனையின் சேற்றிலும் பனியிலும் ஓடின. சிறிய வளைவுக்கு முன்சக்கரம் திரும்பினால் போதும். பெரிய வளைவுக்கு ஒரு பக்கப் பட்டையின் பிரேக் பிடிக்கும். அதாவது இங்கே முன் ஃபோர்க் பாதி வேலைதான் செய்தது, மீதியைப் பட்டைகள் பார்த்துக் கொண்டன. இன்றைய ஸ்னோ பைக்கில் அந்த உதவி கிடையாது. இருப்பது ஒரே பட்டை, ஒரே பலகை.

இரண்டும் சந்தித்த இடம்

அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் சாண்ட்பாயின்ட் என்ற ஊரைச் சேர்ந்த டிம்பர்ஸ்லெட் நிறுவனத்தின் மாற்றுப் பெட்டகங்கள் 2010-களில் இந்த வண்டியைப் பரவலாக்கின. 2015-ல் போலாரிஸ் நிறுவனம் அதை வாங்கியது. 2017 ஜனவரியில் ஆஸ்பென் எக்ஸ் கேம்ஸ் போட்டியில் ஸ்னோ பைக் கிராஸ் முதன்முறையாக இடம்பெற்றது. கனடாவின் பிராக் ஹோயர் தங்கம் வென்றார்.

இதன் பின்னால் இருப்பது எளிய வணிகக் கணக்கு. விலை கொடுத்து வாங்கிய டர்ட் பைக் குளிர்காலத்தில் பல மாதங்கள் கொட்டகையில் சும்மா கிடக்கிறது. தனியாக ஒரு ஸ்னோமொபைல் வாங்குவதற்குப் பதில் இருக்கிற எஞ்சினையே பனிக்கும் பயன்படுத்தினால் முதலீடு ஆண்டு முழுக்க உழைக்கும். கணக்கு சரிதான். ஆனால் ஃபோர்க் அந்தக் கணக்கில் அடங்கவில்லை.

பனி கேட்கும் மாற்றங்கள்

முதல் காரணம் டயர். ஃபோர்க்குக்கு முன்பே அடியை வாங்குவது காற்றடைத்த டயர்தான். அதைக் கழற்றியவுடன் அந்த மெத்தை போய்விடுகிறது. பனி என்றாலே பஞ்சு என்று நினைக்கக் கூடாது. புதுப் பனி கிடக்கும் மலைக்குப் போகும் வழியெல்லாம் மற்ற வண்டிகள் ஓடி ஓடி, இறுகிய மேடு பள்ளமாக இருக்கும்.

இரண்டாவது எடை. பட்டையும் அதன் சட்டமும் சேர்ந்து வண்டியைக் கனமாக்குகின்றன. ஆக்ஸிலேட்டர் கொடுத்தால் முன்பக்கம் லேசாகி மேலே எழும். விட்டவுடன் பனி பட்டையைப் பிடித்து இழுக்க, எடையெல்லாம் முன்னால் சாயும். மோட்டோகிராஸுக்காகத் தேர்ந்தெடுத்த ஸ்பிரிங் இந்தச் சுமையில் ஆழமாக அமுங்கிவிடும். அமுங்கிய ஃபோர்க்கில் அடுத்த அடியை வாங்க இடம் இருக்காது. அந்த அடி நேராக ஓட்டுபவரின் மணிக்கட்டுக்குப் போகும். அதனால்தான் ஃபோர்க்கில் முதல் வேலையாக இறுக்கமான ஸ்பிரிங் போடுகிறார்கள்.

மூன்றாவது குளிர். எண்ணெய் குளிரில் கெட்டியாகும் என்பது தேங்காய் எண்ணெய் பாட்டிலை மார்கழியில் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஃபோர்க் எண்ணெய் அப்படி உறைந்துவிடாது. ஆனாலும் மந்தமாகும். கோடையில் சரியாக ஓடிய அதே தகடுகள் வழியாக இப்போது மெதுவாக ஓடும். அமுங்கிய ஃபோர்க் அடுத்த மேட்டுக்குள் முழுதாக நிமிராது. மேடுகள் அடுத்தடுத்து வந்தால் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்துகொண்டே போகும். எனவே இளகிய எண்ணெய் ஊற்றி, தகடு அடுக்கையும் பனிக்கேற்ப மாற்றுகிறார்கள்.

நான்காவது சீல். பலகை வாரியடிக்கும் பனி குழாயில் ஒட்டி உறைந்தால், ஃபோர்க் ஏறி இறங்கும்போது அந்தப் பனிக்கட்டி ரப்பர் சீலைக் கிழிக்கும். எண்ணெய் கசியும். குழாய்க்கு உறை மாட்டுவது சின்ன வேலைதான், ஆனால் பெரிய செலவை மிச்சப்படுத்தும்.

காற்றா, ஸ்பிரிங்கா?

எடையைக் குறைக்க ஃபோர்க்கில் எஃகு ஸ்பிரிங்குக்குப் பதில் அழுத்தப்பட்ட காற்றை வைக்கும் முறை 2013 வாக்கில் மோட்டோகிராஸில் பரவியது. அந்த ஆண்டின் ஹோண்டா சிஆர்எஃப்450ஆர் காற்று ஃபோர்க்குடன் வந்தது. 2017 மாடலில் ஹோண்டா மீண்டும் ஸ்பிரிங்குக்கே திரும்பியது. யமஹா ஒய்இசட்450எஃப் ஸ்பிரிங்கைக் கைவிடவே இல்லை. கேடிஎம் காற்று முறையைத் தேர்ந்தெடுத்தது.

பனியில் இந்த வேறுபாடு முக்கியமாகிறது. பள்ளிக்கூடத்து இயற்பியல் போதும். 20 டிகிரி செல்சியஸ் உள்ள கொட்டகையில் 10 பார் அழுத்தத்துக்குக் காற்றடைத்து, மைனஸ் 20 டிகிரி மலைக்குக் கொண்டு போனால் அழுத்தமானி சுமார் 8.5 பார் காட்டும். பனி அதிக இறுக்கம் கேட்கும் நேரத்தில் ஃபோர்க் பதினைந்து சதவீதம் இளகிப் போகிறது! காற்று ஃபோர்க் வைத்திருப்பவர் வெளியில் வண்டியை நன்றாகக் குளிரவிட்டு அழுத்தத்தைச் சரிபார்க்க வேண்டும், அல்லது உள்ளே எஃகு ஸ்பிரிங் மாற்றிக்கொள்ள வேண்டும்.

முடிவாக

இத்தனையும் செய்த ஃபோர்க் பனி உருகியதும் மண்ணுக்குப் பொருந்தாது. அங்கே அது இறுக்கமாக இருக்கும். எனவே சிலர் பருவத்துக்கு ஒரு முறை பிரிக்கிறார்கள், சிலர் இரண்டு ஜோடி வைத்துக்கொள்கிறார்கள். ஒரே வண்டியில் இரண்டு பருவம் என்று மிச்சம் பிடித்த பணத்தில் ஒரு பங்கை ஃபோர்க் திரும்பக் கேட்டு வாங்கிவிடுகிறது.

அந்தச் செலவை வீண் என்று சொல்ல முடியாது. சாலையிலிருந்து பல கிலோமீட்டர் தள்ளி, மரங்களுக்கு நடுவே, இருட்டும் நேரத்தில் கை மரத்துப் போனவர் ஹேண்டில்பாரைப் பிடிக்க முடியாமல் போனால் எஞ்சினின் குதிரைத்திறனால் பயன் இல்லை. வீடு திரும்ப அந்தக் கைகள் வேண்டும். அவற்றைக் காப்பது யாரும் விசாரிக்காத அந்த இரண்டு குழாய்கள்தான்.