ஆமையும் ஆடுபுலியும்: குழந்தைகள் விதி வகுக்கக் கற்ற கதை

கணிப்பொறி விளையாட்டு என்ற சொல் காதில் விழுந்ததும் பெற்றோர் முகம் சுளிப்பது இயல்பு. அதற்குக் காரணம் உண்டு. நாம் மறுக்கப் போவதில்லை. எனினும் விளையாட்டை ஆடுவது வேறு, விளையாட்டை ஆக்குவது வேறு. ஆடுகிறவர் பிறர் வகுத்த விதிக்குள் நடக்கிறார். ஆக்குகிறவர் விதியையே வகுக்கிறார். குழந்தையை இந்த இரண்டாம் இடத்தில் அமர்த்துவதற்கென்றே சில கருவிகள் உண்டாக்கப்பட்டன. அவற்றின் வரலாறு ஏறத்தாழ அறுபது ஆண்டுகள். அவ்வரலாறு தமிழ்நாட்டு வகுப்பறை வரை வந்து சேர்ந்ததையும், அங்கே அதற்கு நேர்வதையும் இக்கட்டுரையில் காண்போம். தமிழ் பயிற்றுவிப்பவர்க்கு இதில் என்ன வேலை என்று அன்பர்கள் கேட்கலாம். இவ்வரலாறு தொடங்குவதே சொல்லில்தான்.

1964இல் அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரியில் கெமெனி, கர்ட்ஸ் என்னும் இரு கணிதப் பேராசிரியர்கள் பேசிக் என்ற நிரல்மொழியை உருவாக்கினர். அது கல்லூரி மாணவர்க்கானது. குழந்தைகளுக்கென்று ஒரு மொழி 1967இல் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜ் நகரில் பிறந்தது. வாலி ஃபொயர்சைக், சீமோர் பாப்பெர்ட், சிந்தியா சாலமன் முதலியோர் அதனை ஆக்கினர். அதற்கு இட்ட பெயர் லோகோ. சொல் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து எடுத்த பெயர் அது. அக்கால நிரல்மொழிகள் பெரும்பாலும் எண்ணைக் கையாண்டன. லோகோவோ சொல்லையும் வாக்கியத்தையும் கையாள்வதற்கென்று எழுந்தது. சொற்களைச் சேர்ப்பது, பிரிப்பது, வாக்கியம் அமைப்பது ஆகியவையே அதில் குழந்தைகள் செய்த தொடக்கப் பயிற்சிகள். இலக்கணம் கற்பிக்கும் நமக்கு இச்செய்தி இனிக்காமல் இருக்குமா?

அம்மூவருள் பாப்பெர்ட், குழந்தை அறிவு வளர்ச்சியை ஆராய்ந்த பியாஜேயிடம் ஜெனீவாவில் பணிபுரிந்தவர். கணிப்பொறி குழந்தையை இயக்குவதா, குழந்தை கணிப்பொறியை இயக்குவதா என்பதே அவர் 1980இல் வெளியிட்ட மைண்ட்ஸ்டார்ம்ஸ் நூலின் உயிரான கேள்வி. அதற்கு அவர் கண்ட விடைகளுள் ஒன்று ஆமை. முதலில் அது தரையில் ஊர்ந்து கோடு வரையும் சிறு இயந்திரம்; பின்னர்த் திரையில் நகரும் உரு. முன்னே போ, வலப்பக்கம் திரும்பு என்ற கட்டளைகளால் அதனை நடத்தலாம். எவ்வளவு திரும்புவது என்று ஐயம் எழுந்தால் குழந்தை தானே எழுந்து நடந்து பார்க்க வேண்டும். உடம்புக்குத் தெரிந்ததை அறிவுக்குக் கொண்டுவருவதே பாப்பெர்ட்டின் வழி.

திருவண்ணாமலைக் குழந்தைக்கு இது புதிதன்று. மலையை வலக்கையில் வைத்துப் பதினான்கு கிலோமீட்டர் சுற்றி வருகிற பிள்ளை, ஆமை செய்வதையே செய்கிறது. இந்திரலிங்கம் தொடங்கி ஈசானியலிங்கம் வரை எட்டுத் திசைக்கு எட்டு லிங்கங்கள். கிரிவலப் பாதை ஒழுங்கான எண்கோணம் அன்று. ஆயினும் தாளில் எண்கோணமாக வரைந்துகொண்டால், சிறிது நட, 45 பாகை வலம் திரும்பு, இதனை எட்டு முறை செய் என்று ஆமைக்குச் சொல்லிவிடலாம். புறப்பட்ட இடத்துக்கு மீண்டு, புறப்பட்ட திசையையே நோக்கி நிற்கும்போது திரும்பிய கோணங்களின் கூட்டுத்தொகை 360 பாகை. இதனைக் கரும்பலகையில் எழுதிக் காட்டினால் பிள்ளை மறக்கும். கால் கடுக்க நடந்த பிள்ளைக்கு ஒருமுறை எடுத்துச் சொன்னால் போதும்.

ஆமையிலிருந்து விளையாட்டுக்குப் போக அதிக தூரம் இல்லை. 1999இல் நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் ஓவர்மார்ஸ் கேம்மேக்கர் என்னும் கருவியை வெளியிட்டார். நிரல்மொழி அறியாதவரும் விளையாட்டு ஆக்குவதற்கு அது வழி திறந்தது. 2007இல் எம்.ஐ.டி.யின் ஊடக ஆய்வகத்தில் மிட்செல் ரெஸ்னிக் குழுவினர் ஸ்க்ராட்ச் கருவியை உலகுக்கு அளித்தனர். இதில் கட்டளைகள் வண்ணக் கட்டைகளாக இருக்கும். ஒன்றோடொன்று பொருந்துகிறவை மட்டுமே ஒட்டும். எழுத்துப்பிழையால் நிரல் நின்றுபோகும் துன்பம் இல்லை. கட்டையின்மேல் உள்ள சொற்களைப் பல மொழிகளில் மாற்றிக்கொள்ளும் ஏற்பாடும் உண்டு.

இத்தகைய கருவியில் நம் ஆடுபுலி ஆட்டத்தை ஒரு குழந்தை ஆக்கப் புகுவதாகக் கொள்வோம். புலி மூன்று, ஆடு பதினைந்து, கட்டத்தில் 23 புள்ளிகள். திண்ணையில் ஆடும்போது இவ்வளவு தெரிந்தால் போதும். மற்றவை ஆடப் பழகிவிடும். வழக்கு வந்தால் தீர்க்கப் பாட்டி இருக்கிறார். கணிப்பொறிக்குப் பாட்டி இல்லை. எல்லா ஆடுகளும் இறங்கும் முன் ஓர் ஆட்டை நகர்த்தலாமா? புலி ஆட்டைத் தாண்ட வேண்டுமாயின் அதே கோட்டில் அடுத்த புள்ளி காலியாக இருக்க வேண்டுமா? ஒரே முறையில் இரண்டு ஆடுகளைத் தாண்டலாமா? புலிகள் மூன்றும் நகர இடமின்றி அடைபட்டன என்பதை எவ்வாறு அறிவது? ஒவ்வொன்றையும் ஐயத்துக்கு இடமின்றிச் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் விட்டதை இயந்திரம் செய்யாது. தவறாகச் சொன்னதைத் தவறாமல் செய்யும். பத்து ஆண்டுகளாக ஆடிய ஆட்டத்தின் விதி தனக்கு முழுதும் தெரியாது என்பதை அப்போதுதான் குழந்தை உணர்கிறது. அந்த உணர்வே இக்கல்வியின் பயன். சூத்திரம் செய்த நம் இலக்கண ஆசிரியர்கள் பட்ட பாடும் இதுவே.

இவ்விதிகளை எந்த மொழியில் சொல்வது என்ற கேள்வி தமிழரிடையே எழாமல் இல்லை. அமெரிக்காவில் வாழும் முத்து அண்ணாமலை 2007 அளவில் எழில் என்னும் தமிழ் நிரல்மொழியை உருவாக்கத் தொடங்கினார். 2013இல் அது திறந்த மூல மென்பொருளாக வெளியாயிற்று. எழுத்தாளர் என். சொக்கனும் அவரும் இணைந்து ‘தமிழில் நிரல் எழுது’ என்ற நூலையும் தந்தனர். ஆமைப் படம் வரைவதற்கும் எழிலில் இடம் உண்டு. எழிலின் தொடரமைப்பு நம் கவனத்துக்கு உரியது:

@( ஆடு == 0 ) ஆனால்
பதிப்பி "புலி வென்றது"
முடி

ஆங்கிலம் சார்ந்த நிரல்மொழிகளில் நிபந்தனைச் சொல் முதலில் வரும். நிபந்தனை அதன் பின்னே வரும். எழிலில் நிபந்தனை முன்னே நிற்க, ‘ஆனால்’ அதன் இறுதியில் வருகிறது. பிற மொழிச் சொல்லுக்கு ஈடாகத் தமிழ்ச் சொல்லை வைத்ததோடு அமையாமல், ‘மழை பெய்தால்’ என்று நாம் பேசும் வரிசையையே நிரலுக்கும் தந்திருக்கிறார்கள். இன்று ‘ஆனால்’ என்பதை எதிர்மறை இணைப்பாகவே பெரிதும் வழங்குகிறோம். ஆகு என்னும் வினையடியில் பிறந்த நிபந்தனை எச்சம் அது என்பதை மாணவர்க்கு நினைவூட்ட இதைவிட நல்ல எடுத்துக்காட்டு நமக்குக் கிட்டவில்லை.

இனி வகுப்பறைக்கு வருவோம். விழுப்புரம் மாவட்டத்து ஆரோவில்லைச் சேர்ந்த உதவி, இசை அம்பலம் ஆகிய பள்ளிகளில் ஸ்டெம் லேண்ட் என்னும் முயற்சியால் சுற்றுக் கிராமத்துப் பிள்ளைகள் ஸ்க்ராட்சில் தாமே விளையாட்டுகளும் கணிதப் புதிர்களும் ஆக்கியிருக்கின்றனர். அரசுப் பாடநூல்களிலும் இக்கருவிகள் இடம்பெற்றன. 2019இல் வெளிவந்த எட்டாம் வகுப்பு அறிவியல் நூலில் லிப்ரே லோகோ ஒரு பாடம். அதே ஆண்டின் பத்தாம் வகுப்பு நூலில் ஸ்க்ராட்ச். கேம்பிரிட்ஜில் புறப்பட்ட ஆமை ஐம்பது ஆண்டுகள் ஊர்ந்து செங்கத்துக்கும் போளூருக்கும் வந்து சேர்ந்தது. மகிழத்தக்க செய்தி.

மகிழ்ச்சி நீடிக்கவில்லை. நம் வகுப்புக்கு வரும் முதலாண்டு மாணவர்களிடம் ஸ்க்ராட்ச் பற்றிக் கேட்டோம். மேடை என்றால் என்ன, ஸ்ப்ரைட் என்றால் என்ன என்று சிலர் வரி பிசகாமல் ஒப்பித்தனர். நீங்கள் ஆக்கிய விளையாட்டு எது என்று கேட்டதும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டனர். கட்டையைத் தொட்டவர் அவர்களுள் எவரும் இலர். குறுவினாவுக்கு விடையாக அப்பாடம் மனப்பாடமாகிவிட்டது. கணிப்பொறியைக் குழந்தை இயக்க வேண்டும் என்று தொடங்கிய கல்வி, கணிப்பொறியே இல்லாமல் குழந்தையை இயக்குவதில் முடிந்திருக்கிறது. பொதுத்தேர்வு வரும் வகுப்பில் ஆசிரியரைக் குறை கூறுவதும் முறையன்று. மதிப்பெண் விடைத்தாளில் இருக்கிறது, திரையில் இல்லை.

இதற்கு மாற்று மிகப் பெரிதன்று. பொதுத்தேர்வு இல்லாத ஏழாம், எட்டாம் வகுப்புகளில், பள்ளி ஆய்வகத்தில் வாரம் ஒரு மணி நேரம், பிள்ளை தனக்குத் தெரிந்த ஓர் ஆட்டத்தை ஆக்கட்டும். அது ஆடுபுலியாக இருக்கலாம், பல்லாங்குழியாக இருக்கலாம். தமிழாசிரியரும் இதில் சேரலாம். ‘அந்த’, ‘இந்த’, ‘எந்த’ என்ற சொற்களின் பின் க, ச, த, ப வரிசை எழுத்து வந்தால் வல்லினம் மிகும் என்ற விதியை ஒரு விளையாட்டாக்கச் சொல்லுங்கள். ‘அந்த’, ‘பையன்’ இரண்டையும் கொடுத்தால் ‘அந்தப் பையன்’ வர வேண்டும். ‘அந்த மரம்’ மாறாமல் நிற்க வேண்டும். ‘சிறிய’, ‘பையன்’ என்று கொடுத்தால் என்ன ஆகும் என்று பிள்ளையே சோதித்துப் பார்க்கும். மிகாத இடத்தில் கருவி ஒற்றைப் போட்டால் பிழை தன்னுடைய விதியில் என்று தெரியும், திருத்தும். சிவப்பு மையால் நாம் ஆண்டு முழுதும் செய்து தோற்பதை அப்பிள்ளை ஒரு பிற்பகலில் செய்துவிடக்கூடும்.

சொல் என்னும் பெயரோடு பிறந்த கருவி, சொல்லுக்கு இலக்கணம் வகுத்த மொழிக்கு வந்திருக்கிறது. அதனை இரண்டு மதிப்பெண்ணுக்கு விற்றுவிடலாகாது. பள்ளிகளில் பணிபுரியும் அன்பர்கள் ஒரே ஓர் ஆட்டத்தையேனும் பிள்ளைகளைக் கொண்டு ஆக்குவித்து, எந்த விதியில் அவர்கள் தடுமாறினார்கள் என்பதை எழுதுவார்களாயின், அடுத்த கட்டுரை அவர்களுடையதாக இருக்கட்டும்.